முதலில் தண்ணீரைக் கேள்

விடியுமுன் மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயில் ஏறி, இருட்டியபின் இறங்கி வீடு சேருகிற ஊர் இது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து கோலார் தங்கவயலுக்கு அதுதான் ஷிப்டு. அந்த ரயிலிலேயே போய் வந்து எம்.எஸ்சி. முடித்த இரண்டு பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு ஆண்டர்சன்பேட்டை. மற்றவன் சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுப் பையன். இருவருக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கதிரியக்க அயனிகள் கலந்த தண்ணீரை நுண்துளைச் சட்டகங்களால் சுத்தம் செய்வது என்பது தலைப்பு. “எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது தாத்தா?” என்று கேட்டார்கள்.

நான் சுரங்க மில்லில், கல்லில் எவ்வளவு தங்கம் என்று பார்க்கும் அஸ்ஸே ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகத் தொடங்கி, பிறகு பெங்களூருவில் தண்ணீர் வேதியியலில் தலை நரைத்தவன். வாயால் சொன்னால் பாதி இருமலில் போய்விடும் என்று எழுதி, எண் போட்டுக் கொடுத்தேன். எண் வரிசைக்கு அர்த்தம் எதுவும் தேடாதீர்கள். நினைவுக்கு வந்த வரிசைதான். 9ஐ மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

1. எல்லாரும் பொருளைச் செய்துவிட்டுத் தண்ணீரைத் தேடுகிறார்கள். நீ தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பொருளைத் தேடு. “கதிரியக்கத் தண்ணீர்” என்று ஒரே தண்ணீர் கிடையாது. அணுஉலையில் எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரித்தபின் மிஞ்சுவது கடும் அமிலம். 2011இல் ஃபுகுஷிமாவில் உலையைக் குளிர்விக்கக் கடல்நீரையே ஊற்றினார்கள். அங்கே சீசியத்தைப் பிடிக்கப் போன பொருள் உப்புக் கடலில் நீந்த வேண்டியிருந்தது. நம் கோலார் போர்வெல்லில் வருவதோ சுண்ணமும் பைகார்பனேட்டும் நிறைந்த கடினநீர். அதில் சீசியம் இல்லை, யுரேனியம் உண்டு. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று யாராவது எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையைக் கடைசியில் படி.

2. சட்டகம் என்றால் என்ன என்று உன் அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் பந்தலை வைத்துச் சொல்வேன். கல்யாணப் பந்தலில் மூங்கில் கழி உண்டு, கழிகள் சேரும் இடத்தில் கயிற்று முடிச்சு உண்டு, மீதியெல்லாம் வெற்றிடம். முடிச்சுக்குப் பதில் உலோக அணுக்கூட்டம், கழிக்குப் பதில் கரிம மூலக்கூறு என்று வைத்துக்கொள். அதுதான் உலோக-கரிமச் சட்டகம். ஆய்வுக்கூடத்தில் ‘மாஃப்’ என்பார்கள். கழியை நீட்டினால் அறை பெரிதாகும், குறுக்கினால் சிறிதாகும். கழியில் ஒரு கொக்கியைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தக் கொக்கிக்குப் பிடித்த அயனி வந்து மாட்டும்.

மெல்போர்னில் ரிச்சர்ட் ராப்சன் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப்பந்துகளில் துளை போட்டுக் குச்சி சொருகிக்கொண்டிருந்தபோது இந்த யோசனை முளைத்தது என்பார்கள். அவருக்கும், கியோட்டோவின் சுசுமு கிடகாவாவுக்கும், ஓமர் யாகிக்கும் 2025இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வெற்றிடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்காதே. இந்த வகையில் சில பொருள்களை ஒரு கிராம் எடுத்து உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் 7,000 சதுர மீட்டர் வரும். ஒன்றே முக்கால் ஏக்கர். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒரு சம்சாரியின் புன்செய்!

ஆனால் இது நேற்று வந்த சங்கதி என்று நினைத்து முன்னோரை மறக்காதே. ஜியோலைட்டும் சட்டகம்தான். அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்துக் கட்டிய கல்வீடு. 1756இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடுபண்ண, உள்ளிருந்த தண்ணீர் கொதித்து நுரைத்தது. “கொதிக்கும் கல்” என்று பேர் வைத்தார். புனே பக்கத்துக் கல் குவாரிகளில் கிடைக்கும் அழகழகான ஜியோலைட்டுகளை உலகத்து அருங்காட்சியகங்கள் வாங்கி அடுக்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1985இலிருந்து சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை ஜியோலைட். பவிசு இல்லாத கல். நாற்பது வருஷமாக வேலை செய்கிறது. உன் மாஃப் எவ்வளவு பெரிய இதழில் வெளிவந்தாலும் அது முதலில் ஜெயிக்க வேண்டியது இந்த ஏழைக் கல்லை.

3. நம் ஊரின் நீலத்தைத் தெரிந்துகொள்.

அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சயனைடு பயன்பட்டது உனக்குத் தெரியும். மில் ஆய்வுக்கூடத்தில் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு அலமாரி இருந்தது. அதில் பச்சை நிறத்தில் ஃபெரஸ் சல்பேட் கரைசல் ஒரு புட்டி, சோடா கரைசல் ஒரு புட்டி. யார் வாயிலாவது சயனைடு போய்விட்டால் இரண்டையும் கலந்து குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்துச் சட்டம். குடித்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் மேசையில் சிந்திய சயனைடு சொட்டின்மேல் அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றித் துடைத்திருக்கிறேன். முதலில் அழுக்கு வெள்ளையாகத் திரியும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து நீலம் ஏறும். அம்மா வெள்ளை வேட்டிக்குப் போடுவாளே, அந்த நீலம் இல்லை; அதைவிடக் கறுத்த, கண்ணுக்குள் இறங்குகிற நீலம். கரியடுப்பில் வெந்த என் விரல் நகத்தில் அது ஒரு வாரம் போகாது.

அதற்குப் பேர் பிரஷ்யன் நீலம். ஏறத்தாழ 1706இல் பெர்லினில் சாயக்காரர் ஒருவர் சிவப்பு செய்யப் போய்த் தவறி இது வந்தது. இரும்பு முடிச்சு, சயனைடு கழி, இரும்பு முடிச்சு, சயனைடு கழி என்று முப்பக்கமும் ஓடும் கனசதுர அறைகள். 1936இல்தான் எக்ஸ்ரே வைத்து அந்த வடிவத்தைக் கண்டார்கள். நீ இன்றைக்குப் படிக்கப் போகிற சட்டகங்களுக்கெல்லாம் மூத்தாள். தண்ணீர்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிற சீசியம் அந்த அறைக்குள் நுழையும் அளவுக்குச் சின்னது; சோடியம் அதைவிடக் கனத்த போர்வைக்காரன், வாசலில் இடிக்கும். 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து எடுத்த கதிர்வீச்சுக் கருவியைப் பழைய இரும்புக்காரர்கள் உடைத்தார்கள். உள்ளிருந்த சீசியம்-137 வீடு வீடாகப் பரவியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த நீலத்தைத்தான் வாய்வழியாகக் கொடுத்தார்கள். குடலில் சீசியத்தைப் பிடித்து வெளியேற்ற.

நம் ஊரில் உயிரை வாங்கும் என்று பெயர்வாங்கிய அதே சயனைடு இரும்போடு சேர்ந்தால் மருந்து. இதைக் கேட்டு என் மருமகள் நம்பவே இல்லை. ஆனால் ஒன்று: காரம் ஏறிய தண்ணீரில் இந்தச் சட்டகம் பிரியும், நன்றாகச் சூடேற்றினால் சயனைடு வாயுவாகக் கிளம்பும். மூத்தாளுக்கும் கோபம் உண்டு.

4. அயனி எந்த உடையில் வருகிறது என்று பார். இதுதான் நம் மாவட்டத்துக்கு முக்கியமான பாடம்.

2021இல் இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா மையத்தைச் சேர்ந்தவர்கள் கிழக்குக் கர்நாடகத்தில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரைச் சோதித்து வெளியிட்டார்கள். 57 கிராமங்களில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 30 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வைத்திருக்கிறது. கோலாரும் சிக்கபள்ளாப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. உடனே பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைக் கைகாட்டுவார். விடாதே, திருத்து. இந்த யுரேனியம் மேட்டிலிருந்து வரவில்லை. நமக்குக் கீழே கிடக்கிற பழைய கிரானைட்டும் நைஸ் பாறையும் இயல்பாகவே யுரேனியம் வைத்திருப்பவை. கிணறு வற்றி, போர் ஆயிரம் அடிக்கு மேல் இறங்க இறங்க, பாறையோடு வெகுநாள் பழகிய தண்ணீர் மேலே வருகிறது. அதோடு யுரேனியமும் வருகிறது.

பாடப்புத்தகத்தில் அது யுரனைல் அயனி, இரண்டு நேர்மின்சுமை. அதை நம்பி நேர்மின் அயனியைப் பிடிக்கிற சட்டகம் ஒன்றை நானும் ஒருமுறை செய்தேன். காய்ச்சி வடித்த நீரில் யுரேனியம் உப்பைக் கரைத்துப் போட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்தது. பங்காருப்பேட்டைப் பக்கத்து ஒரு கிராமத்தின் போர்த் தண்ணீரைக் கொண்டுவந்து போட்டேன். கையை விரித்துவிட்டது. என்ன நடந்தது? நம் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். யுரனைல் தனியாக வருவதில்லை. மூன்று கார்பனேட்டை அணைத்துக்கொண்டு நான்கு எதிர்மின்சுமையோடு வருகிறது. அதோடு இரண்டு கால்சியத்தையும் சேர்த்துக்கொண்டால் சுமையே இல்லாமல் போய்விடுகிறது. நேர்மின் உடை எதிர்பார்த்து வாசலில் நின்ற காவல்காரன் முன்னால் அது சாமியார் வேஷத்தில் நடந்து போயிற்று. எதிர்மின் அயனியைப் பிடிக்கும் சாதாரண ரெசின் அங்கே என் புதுப் பொருளைவிட நன்றாக வேலை செய்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீர் எனக்குக் கற்றுத்தந்ததை எந்தக் கருத்தரங்கும் தரவில்லை.

ஆக, தண்ணீரின் பிஹெச், காரத்தன்மை, கால்சியம் மூன்றையும் அளக்காமல் யுரேனியத்தைப் பற்றிப் பேசாதே. டெக்னீசியத்துக்கும் இதே கதை. அது உலோகம்தான், ஆனால் தண்ணீரில் நான்கு ஆக்சிஜனைச் சுற்றிக்கொண்டு எதிர்மின் அயனியாக ஓடும். அதன் அரையாயுள் 2 லட்சம் வருஷத்துக்கு மேல். எதிர்மின் அயனியைப் பிடிக்கும் சட்டகங்களுக்கு உண்மையான தேவை அங்கேதான் என்பது என் எண்ணம். சீசியத்துக்கு ஏற்கெனவே நல்ல ஆள்கள் இருக்கிறார்கள்.

5. மாதிரி எடுப்பதில் பாதி ஆராய்ச்சி முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். அஸ்ஸேயில் ஒரு வண்டிக் கல்லிலிருந்து கைப்பிடி எடுப்போம். அதை இடித்து, சலித்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி குவித்துப் பிரித்து, கடைசியில் ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் ஈயத்தை ஊறவிட்டால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு மணி நிற்கும். அந்த மணியின் எடைதான் டன் கணக்கான கல்லின் விலை. முதல் கைப்பிடியைச் சோம்பேறித்தனமாக எடுத்திருந்தால் தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தும் அது சொல்வது பொய்.

போர்வெல்லில் மோட்டாரைப் போட்டதும் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிக்காதே. கொஞ்ச நேரம் ஓடவிடு. பிஹெச்சையும் காரத்தன்மையையும் அங்கேயே நின்று அள. பெங்களூரு வந்து அளந்தால் கரியமில வாயு பாதி ஓடிப்போய், வேறு தண்ணீரை அளந்துகொண்டிருப்பாய். உலோகத்துக்கான பங்கை வடிகட்டி, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் புட்டியில் வை. புட்டியில் பென்சிலால் எழுது. மார்க்கர் மை ஈரத்தில் அழிந்து நான் ஒரு கிராமத்துக்கு இரண்டாம் தடவை பஸ் ஏறியிருக்கிறேன்.

6. நூறு பி.பி.எம். போதையில் விழாதே. கட்டுரைகளில் லிட்டருக்கு நூறு மில்லிகிராம் சீசியம் போட்டு, ஒரு கிராம் பொருள் இத்தனை நூறு மில்லிகிராம் பிடித்தது என்று மார்தட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார். குடிநீரில் சீசியம்-137க்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 பெக்கரல், அதாவது விநாடிக்குப் பத்துச் சிதைவு. ஒரு கிராம் சீசியம்-137 விநாடிக்கு 3 லட்சம் கோடிக்கும் மேல் சிதைகிறது. அப்படியானால் 10 பெக்கரல் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் மூன்று பங்கு. அதே லிட்டரில் சோடியம் சாதாரணமாக 50 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு சீசியத்தைக் கண்டுபிடிக்க ஆயிரம் கோடிக்கும் மேல் சோடியத்தை ஒதுக்கித் தள்ள வேண்டும். நம் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் தங்கம் மூன்று நான்கு கிராம்தான் என்பார்கள். அதுவே இதற்குமுன் சொர்க்கம்!

இங்கே தேவை கொள்ளளவு அல்ல, தேர்ந்தெடுக்கும் புத்தி. பங்கீட்டுக் குணகம் என்று ஒன்று உண்டு: பொருளில் ஒட்டியதற்கும் தண்ணீரில் மிஞ்சியதற்கும் உள்ள விகிதம். அதைச் சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் சேர்ந்த தண்ணீரில் அள. வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடு: ஒவ்வொரு சோதனையையும் ஊர்த் தண்ணீரிலும் செய்வேன் என்று.

7. வெறுங்குழாயை அள. எனக்கு ஒரு பொடி இருந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் பிடித்தது. மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள், “சார், பொடி போடாத குழாயில எவ்வளவு குறையுது?” போட்டுப் பார்த்தோம். நாற்பது சதவீதம் குறைந்தது. யுரேனியம் கண்ணாடிச் சுவரிலும் வடிதாளிலும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. குறைந்த செறிவில் அது அப்படித்தான் செய்யும். நான் அளந்ததில் கிட்டத்தட்டப் பாதி என் பொடியின் திறமையே இல்லை. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன்.

இந்தப் பாடத்தை நான் வேறெங்கும் தேடியிருக்க வேண்டாம். என் ஊரிலேயே இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள் ஜப்பான், இங்கிலாந்து ஆள்களோடு கருவி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பாறை தலைமேல் இருந்ததால் விண்ணிலிருந்து வரும் மற்ற சந்தடியெல்லாம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில், 1965இல், வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடம் முதன்முதலாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே வருஷம் வேறொரு குழு கண்டது. ஒரு சத்தத்தைக் கேட்க இரண்டு கிலோமீட்டர் இறங்கினார்கள். நீ வெறுங்குழாய் ஒன்று வைக்கச் சலித்துக்கொள்வாயா?

அளக்கும் கருவியையும் அப்படியே நம்பாதே. எல்.இ.டி. ஃப்ளோரிமீட்டரில் யுரேனியம் பச்சையாக ஒளிரும். ஆனால் இரும்பும் கரிமப் பொருளும் குளோரைடும் அந்த ஒளியை மங்கச் செய்யும். ஊர்த் தண்ணீரில் தெரிந்த அளவு யுரேனியத்தைச் சேர்த்து மறுபடி அளந்து சரிபார்.

8. தண்ணீரில் ஒரு மாதம் போட்டு வை. பேர்போன சட்டகங்கள் சில ஈரக்காற்றிலேயே இடிந்துவிடும். 1999இல் வந்த மாஃப்-5 அப்படிப்பட்டது. ஆஸ்லோவில் 2008இல் செய்த யுஐஓ-66 தாக்குப்பிடிக்கிறது. அதன் சிர்க்கோனிய முடிச்சு ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கழிகள் கட்டியிருக்கின்றன. சிர்க்கோனியம் வெளியூர்ச் சரக்கும் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் கிடைக்கிறது. தூத்துக்குடி பழையகாயலில் அதைச் சிர்க்கோனியம் ஆக்குகிற ஆலை இருக்கிறது. மாதம் முடிந்ததும் தண்ணீரைச் சோதி. உள்ளிருந்து உலோகமும் கழியும் கசிந்திருந்தால் ஒரு விஷத்தை எடுத்து இன்னொன்றைக் கலந்திருக்கிறாய். காமா கதிரும் காட்டிப் பார். அணுக்கழிவுக்கான பொருள் என்று சொல்லிவிட்டு அதைக் காட்டாமல் விடுபவர்கள் நிறைய.

9. பிடித்ததை எங்கே வைப்பாய்?

இந்தக் கேள்வியைத் தங்கவயல் பிள்ளை கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? நூற்றிருபது வருஷம் தங்கத்தை எடுத்தார்கள். தங்கம் லண்டனுக்கும் டெல்லிக்கும் போயிற்று. மிஞ்சியது இங்கேயே குவிந்தது. 13 மேடுகள், 3.3 கோடி டன். ஆடிக் காற்றில் அந்தத் தூள் பறந்து சோற்றுத் தட்டில் விழுந்ததைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். மழையில் மேடு கரைந்து ஓடையில் வழியும். இப்போது அந்த மேட்டிலேயே மிச்சத் தங்கம் எடுக்க ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதிலிருந்தும் ஒரு மிச்சம் வரும்.

சட்டகமும் அப்படித்தான். கதிரியக்கத்தை அது அழிப்பதில்லை. எந்த வேதியியலும் அழிக்காது. பெரிய தண்ணீரில் பரவிக் கிடந்ததைச் சின்னப் பொருளில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும். பத்து அரையாயுள் என்றால் 300 வருஷம். அதுவரை அந்தப் பொடியை யாரோ காவல் காக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் பிடித்து முடித்த ஜியோலைட் உருளைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: கழிவிலிருந்து பிரித்த சீசியத்தைக் கண்ணாடியில் உருக்கிப் பென்சில் போல் வார்த்து, ரத்தத்தைக் கதிரூட்டும் கருவியில் பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்காது.

1980களில் நம் சுரங்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மின் சூடேற்றிகளைப் பாறைக்குள் வைத்து, சூடான கழிவை இந்தப் பாறை தாங்குமா என்று சோதித்தார்கள். கழிவு எதையும் வைக்கவில்லை, வெறும் சூடுதான். ஆனால் 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் கழிவைத் தங்கவயல் சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது ஊர் கொதித்துவிட்டது. கடையடைப்பு, ஊர்வலம். பிறகு அப்படித் திட்டமில்லை என்று விளக்கம் வந்தது. நானும் ராபர்ட்சன்பேட்டைத் தெருவில் நடந்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், யுரேனியம் பிடித்த என் சட்டகப் பொடிகள் இருக்கிற அலமாரியைத் திறந்து வெகுநேரம் நின்றேன். இவை கடைசியில் எங்கே போகும் என்று நான் எழுதியிருந்த திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

பெரிய கழிவைத் தேடிப் போகவேண்டாம். நம் கிராமங்களில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் இருக்கிறதே, காசு போட்டால் இருபது லிட்டர் கேன் நிறையும். யுரேனியத்தை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் பின்பக்கம் போய்ப் பார். ஒரு வெள்ளைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். தடுத்ததெல்லாம் சேர்ந்த தண்ணீர் அதில் சாக்கடைக்குப் போகிறது. சில இடத்தில் மாட்டுக்கு ஊற்றுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள். சட்டகம் ஆர்.ஓ.வை ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தப் பின்பக்கக் குழாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கழிவுநீரே இல்லாமல், கைப்பிடி மணிகளில் யுரேனியத்தை நிறுத்தி, அந்தக் கைப்பிடியை யார் எப்போது எடுத்துப் போவார்கள் என்றும் எழுதி வைத்தால்.

திட்டம் எழுதும்போது கடைசிப் பத்தியை முதலில் எழுது.

10. பொடியை மணியாக்கு. நுண்பொடியைக் குழலில் நிரப்பினால் தண்ணீர் இறங்காது. அழுத்தினால் பொடியே தண்ணீரோடு வெளியேறும். பிரஷ்யன் நீலத்தை அப்படி அடைத்த என் குழலிலிருந்து வடிந்தது மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, ஊசியால் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடு. ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும். கொஞ்சம் கொள்ளளவு போகும். போகட்டும்.

11. சீசியமோ டெக்னீசியமோ கதிரியக்கமுள்ளதை முதல் வருஷம் தொடாதே. சாதாரண சீசியம் குளோரைடு அதே மாதிரி நடந்துகொள்ளும்; டெக்னீசியத்துக்குப் பதில் ரீனியம் போடலாம். கதிரியக்கத் தடயம் வைத்துச் சோதிக்க வேண்டிய நாள் வந்தால் உரிமமும் பயிற்சியும் உள்ள இடத்துக்குப் போய்ச் செய்.

12. உன் பொருளால் என்ன முடியாது என்று கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஃபுகுஷிமாவில் அத்தனை வடிகட்டிகளையும் தாண்டி டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் நின்றுவிட்டது. அது தண்ணீரோடு கலக்கவில்லை, தண்ணீரே அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்துவைத்து, 2023 ஆகஸ்ட் 24இலிருந்து நீர்க்கச் செய்து கடலில் விடுகிறார்கள். மீனவர்கள் கோபப்பட்டார்கள்.

13. கிராமத்தில் தண்ணீர் பிடிக்கப் போனால் முடிவைத் திரும்பப் போய்ச் சொல். பயமுறுத்தாதே. இந்த அளவு யுரேனியத்தில் முதலில் கவலைப்பட வேண்டியது கதிர் அல்ல, சிறுநீரகம். அது ஈயத்தைப் போல ஒரு கன உலோக விஷம் என்று சொல். கன்னடத்தில் சொல். தமிழில் கேட்டால் தமிழில் சொல். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்றும் கேட்பார்கள், அதற்குத் தயாராகப் போ. நான் ஒருமுறை தயாராகாமல் போனேன். ஒரு கிழவி மோர் கொடுத்தாள். குடிக்கும்போது மோரில் கலந்தது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குடித்தேன்.

14. கடைசியாக ஒரு வேலை. என் அலமாரி மேல்தட்டில் ஒரு சின்னப் புட்டி இருக்கிறது. பிரஷ்யன் நீலம், சாதாரண சீசியம் ஏற்றியது. பாடம் சொல்லக் கொண்டுவந்தேன். கதிர் இல்லை, ஆபத்தும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு போகிக்கும் மருமகள் வீடு ஒழிக்கும்போது அதை எடுத்துக்கொண்டு வந்து, “மாமா, இதையாவது போட்டுடலாமா?” என்கிறாள். நெருப்பில் போடக்கூடாது, சயனைடு கிளம்பும். சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. போன வருஷம் அவளே ஒரு துண்டுக் காகிதத்தில் “மாமாவின் நீலம், தொடாதே” என்று எழுதி ஒட்டி மறுபடி மேலே வைத்துவிட்டாள். அடுத்த முறை வரும்போது உங்கள் ஆய்வுக்கூடத்தில் கழிவை வாங்கிக்கொள்கிறவர் யார், எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். புட்டியை எடுத்துப் போகலாம்.